தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் பிரதேச சபையிடம் கணக்குக் கேட்பது எப்படி?

வடலி (கேள்வி):
வணக்கம். தேர்தலில் வென்றவர்களே தேர்தல் முறையைக் குலைப்பது பல நாடுகளில் நடக்கிறது. ஹங்கேரியில் 2010 இல் மூன்றில் இரண்டு பெரும்பான்மை பெற்ற கட்சி, அரசியலமைப்பையும் தேர்தல் சட்டத்தையும் தனக்கேற்றபடி மாற்றி எழுதியது. எங்கட பக்கத்தில் தேர்தலே வைக்காமல் விட்டார்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிய, ஆண்டுக்கணக்காக ஆளுநர் ஆட்சிதான். 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. யாழ். மாவட்டத்தின் 17 சபைகளுக்கும் உறுப்பினர்களைத் தெரிந்தாயிற்று. அடுத்த வாக்களிப்பு வரை பார்த்துக்கொண்டிராமல், ஒரு சனசமூக நிலையம் சட்டப்படி என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
வரவு செலவுத் திட்டத்தில் தொடங்குங்கள். சபையின் நிதியாண்டு சனவரி 1 இல் ஆரம்பம். ஆகவே வரைவு ஆண்டுக் கடைசியில் பொதுமக்கள் பார்வைக்கு வரும்போதே போய்ப் பாருங்கள். ஆதனவரி எவ்வளவு எதிர்பார்த்தார்கள், எவ்வளவு அறவிட்டார்கள், மூலதனச் செலவு எந்த வட்டாரத்துக்குப் போகிறது என்பவை முக்கியம். திட்டம் நிறைவேறியபின் கொடுக்கும் மகஜருக்குப் பெரிய பலன் இராது.

அடுத்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பிக்க முன், வீதி யாருடையது என்று உறுதிசெய்யுங்கள். ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் சபையினுடையவை. பிழையான கந்தோரில் கொடுத்தால் வாரங்கள் வீணாகும்.

"ஒழுங்கை ஏன் ஆறு மாதத்தில் உடைந்தது?" என்று எழுதாதீர்கள். சட்டம் கையிலுள்ள ஆவணத்தைத்தான் தரச்சொல்கிறது, விளக்கத்தை அல்ல. மதிப்பீடு, பி.ஓ.கியூ (வேலையின் அளவுகளும் விலைகளும் எழுதிய பட்டியல்), ஒப்பந்தம், இறுதிக் கொடுப்பனவு வவுச்சர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம், காலக்கெடு அதிலிருந்துதான் தொடங்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பலரின் முயற்சி அந்த முதல் 14 நாளைத் தவறவிட்டுத்தான் நின்றுபோகிறது.

பி.ஓ.கியூ கையில் வந்தால் நாடாவோடு போங்கள். ஓரத்தை மட்டும் அளந்து திருப்திப்பட வேண்டாம். பலகை அடித்த ஓரம் சரியான தடிப்பில் நிற்க, கீழ்த்தளத்தை மட்டப்படுத்தாமல் விட்டால் நடு மெலிந்துவிடும். கொங்கிறீற்று விழ முன்னரே குறுக்கே நூல் கட்டி மூன்று இடத்தில் ஆழம் அளப்பதுதான் வழி.

சந்தியடி வாசகர்:
கணக்குப்பிள்ளை சொன்னது செலவழித்தபின் பிடிக்கும் வேலை. செலவழிக்க முன்னரே சனம் தீர்மானிக்கவும் வழி இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 இல் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. ஆட்சிக் கட்சியின் விருப்பத்தில் தங்கியிருந்ததால், ஆட்சி மாற மெலிந்து 2017 இல் நிறுத்தப்பட்டது. கேரளத்தில் 1996 இல் தொடங்கிய மக்கள் திட்டமோ மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூர் சபைகளுக்குக் கொடுத்தது. வாக்காளர் எல்லோரும் கூடும் கிராமசபை சட்டத்திலேயே இருந்ததால் ஆட்சி மாறியும் அது அழியவில்லை. ஆகவே தவிசாளரின் வாய்வார்த்தை போதாது. வட்டாரக் கூட்டம் நடத்தவேண்டும் என்பதைச் சபைத் தீர்மானமாக நிறைவேற்றுவியுங்கள்.

கூட்டத்துக்கு யார் வருவது என்பதும் பெரிய சிக்கல். வழமையாகப் பேசுகிற அதே ஆக்கள்தான் வருவார்கள். அயர்லாந்து 2016 இல் 99 குடிமக்களை எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்து மக்கள் பேரவை அமைத்தது. அது ஆராய்ந்த கருக்கலைப்புத் தடை 2018 மே வாக்கெடுப்பில் 66.4 சதவீத ஆதரவோடு நீங்கியது. வாக்காளர் இடாப்பிலிருந்து சீட்டுக் குலுக்கி ஒரு வட்டாரத்துக்கு 20 பேரை, பாதிப் பேர் பெண்களாக, அழையுங்கள். நாட்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் கொடுக்காவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.

ஒழுங்கைக்காரன்:
தமிழ்நாட்டு உத்தரமேரூரில் 10 ஆம் நூற்றாண்டிலேயே குடவோலை, அதாவது பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சீட்டெடுக்கும் முறை, இருந்தது. ஆனால் சொந்த நிலமில்லாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. அதிலிருந்து எடுக்கவேண்டியது, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய விதி.

மாகாண சபை விடயத்தில் நழுவ விடாதீர்கள். 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம், தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. பழைய முறையும் சட்டத்தில் இல்லை, புதியதற்குத் தொகுதி எல்லையும் இல்லை என்று தேர்தல் அந்தரத்தில் தொங்கியது இப்படித்தான். உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மனுவுக்கு மீறல் நடந்து ஒரு மாதம்தான் கால அவகாசம். சட்டத்தரணியை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

வடலி:
நன்றி. தவிசாளர் வட்டாரக் கூட்டத் தீர்மானத்தை எடுக்கவே மறுத்தால்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் வட்டார உறுப்பினரைப் பிரேரணையாக எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் கூட்டறிக்கைப் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்தார் என்பதைச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் பெயரோடு ஒட்டுங்கள். பலகையில் கூட்டறிக்கையின் வாசகம் மட்டும் இருக்கட்டும், உங்கள் கருத்தை அதில் சேர்க்க வேண்டாம்.