தட்டேக்காட்டில் ஒரு ஜோடியும் ஒரு விசிலும்

போன நவம்பரில் கேரளத்துத் தட்டேக்காடு போய் வந்தேன். தவளைவாயன் என்ற இரவுப் பறவையைப் பார்த்தே தீர வேண்டும் என்று மூன்று வருடமாக அரித்துக்கொண்டிருந்த ஆசை. தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி, மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் வழியாகப் போனோம். வண்டி ஓட்டியது மச்சான். அவருக்குக் காக்கையும் கோழியும் தெரியும், அவ்வளவுதான்.

பெரியாற்றங்கரையில் சுமார் 25 சதுர கிலோமீட்டர் காடு. புலிகள் காப்பகங்களைப் பார்த்த கண்ணுக்கு இது கையகலம். 1930களில் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த பறவையியலாளர் சாலிம் அலி இந்தக் காட்டை அப்படி மெச்சினார். 1983இல் சரணாலயம் ஆனது. இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

காலை ஆறரைக்கு வழிகாட்டிச் சேட்டன் வந்தார். முந்தின இரவு நல்ல மழை. நான் அட்டைக்குப் பயந்து, தேங்காய் எண்ணெயில் மூக்குப்பொடி குழைத்துக் கால் முழுக்கப் பூசி, அதன்மேல் முழங்கால்வரை சாக்ஸ் ஏற்றியிருந்தேன். அவர் வெறும் ரப்பர் செருப்பு. திரும்பி வரும்போது அட்டை கடித்திருந்தது என்னைத்தான்.

கொஞ்ச தூரத்திலேயே தலைக்கு மேல் வைரி என்ற வேட்டைப் பறவையின் கத்தல். பைனாகுலரைத் தூக்கி மரம் மரமாகத் துழாவினேன். சேட்டன் சிரித்தார். கத்தியது துடுப்புவால் கரிச்சான்! வாலில் இரண்டு கம்பி, கம்பி நுனியில் இரண்டு கரண்டி, தொண்டையில் ஊரில் உள்ள குரலெல்லாம். அடுத்த நிமிடமே சிலம்பன் குருவி மாதிரிக் கத்தியது. அப்புறம் நான் எந்தக் குரலையும் நம்பவில்லை.

எட்டு மணி இருக்கும். ஒரு கொடிப்புதர் முன்னால் சேட்டன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை நீட்டினார். "அதா சாரே, அந்தக் கொடிக்குக் கீழே."

காய்ந்த இலைகள். வேறெதுவும் இல்லை. ஆனாலும் விரல் காட்டிய பக்கம் பதினோரு படம் எடுத்தேன். அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பதினொன்றிலும் சருகுதான், மிகத் துல்லியமாக.

"கேமராவைக் கீழே வையுங்க சாரே. முதல்ல கண்ணால பாருங்க."

வைத்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். ஒரு சருகில் நூல் அளவுக்கு ஒரு கீறல் திறந்து மூடியது. கண்! அதைப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்தது. மைனா அளவில் இரண்டு பறவைகள், நடுவில் ஒரு தாள் நுழைய இடமில்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. செங்கல் நிறத்தில் இருந்தது பெண், பட்டை உரிந்த கிளை மாதிரிச் சாம்பலாக இருந்தது ஆண். அலகைச் சுற்றி மீசைமயிர். நாங்கள் இருப்பது தெரிந்ததும் ஆண் பறவை பறக்கவில்லை. அலகை மெல்ல மேலே தூக்கி ஒடிந்த குச்சியாக நின்றுவிட்டது. பூச்சி பிடிக்க எழும் இரவுவரை இப்படியேதானாம்.

மூன்று அடி தூரம். தைரியமாக நான்கு படம் எடுத்திருக்கலாம். சேட்டன் இரண்டே நிமிடத்தில் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார். அடிக்கடி தொல்லை பட்டால் ஜோடி இடத்தை மாற்றிவிடும் என்றார். ஃபிளாஷ் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அந்த நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அறைக்குத் திரும்பினால் மச்சான் வாசலில் டீயோடு நிற்கிறார். "பின்னாடி கிணத்துமேட்டுல ஒண்ணு தத்தித் தத்திப் போச்சு மாப்ள. குட்டை வாலு, பச்சை முதுகு, வயித்துக்கடியில குங்குமம் கொட்டின மாதிரி. பேரு என்ன?"

ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து இறங்கி வருவது. எனக்கு இதுவரை கண்ணில் படாதது. அவர் அதைப் பல் தேய்த்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கே கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். மச்சானும் வந்தார். இருட்டத் தொடங்கியதும் வாழைத்தோப்புக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். மறுபடி ஒன்று. ஆளைக் காணோம்.

மச்சான் போனை எடுத்து மணி பார்த்தார். "ஆறு ஏழு. லேட்டு மாப்ள."