லைட்டிஎம் நுழைவுத் திரையில் மட்டும் ஆங்கில விசைப்பலகை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அம்மாவின் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ (டெஸ்க்டாப் சூழல்). அவர் கதைகளைத் தமிழில்தான் தட்டச்சு செய்கிறார். அதனால் கணினி முழுவதற்குமான விசைப்பலகை அமைப்பில் தமிழ் முதலிலும் ஆங்கிலம் அடுத்தும் இருக்கின்றன. ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்தினால் மாறும்.

சிக்கல் லைட்டிஎம் (உள்நுழைவைக் கவனிக்கும் நிரல்) காட்டும் நுழைவுத் திரையில். கடவுச்சொல் ஆங்கிலம், ஆனால் விசைப்பலகை தமிழில் நிற்கிறது. பெட்டியில் வெறும் புள்ளிகள் தெரிவதால் எந்த மொழியில் விழுகிறதென்று அம்மாவுக்குத் தெரிவதில்லை. தினமும் காலையில் இதே போராட்டம், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கிரீட்டரின் (நுழைவுத் திரையைக் காட்டும் பகுதி) அமைப்புக் கோப்பில், மேல்பட்டையில் என்னென்ன தெரிய வேண்டும் என்று சொல்லும் இண்டிகேட்டர்ஸ் வரியில் லேஅவுட்டைச் (விசைப்பலகை மொழி) சேர்த்தேன். மேல்பட்டையில் மொழி தெரிகிறது, ஆனால் எழுத்து ரொம்பச் சிறியது. அவர் கண்ணுக்கு எட்டாது. ஆங்கிலத்தை முதலில் வைத்தால் உள்ளே போனதும் அதுவே வருகிறது, அதுவும் வேண்டாம்.

லைட்டிஎம் அமைப்பில் கிரீட்டர்-செட்டப்-ஸ்கிரிப்ட் (நுழைவுத் திரை தொடங்கும் முன் ஓடும் ஸ்கிரிப்ட்) வழியாக, விசைப்பலகை மொழியை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையை ஓடவிட்டால் நுழைவுத் திரை மட்டும் ஆங்கிலமாகுமா? உள்ளே போனதும் தமிழ் வர, எக்ஸ்எஃப்சிஇ விசைப்பலகை அமைப்பில் 'கணினி இயல்புநிலை' தேர்வை எடுத்துவிட்டுத் தமிழை முதலில் வைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் ஸ்கிரிப்ட்டை அப்படியே இங்கே போட்டால் பெரிய உதவி.