'கிரீமிங்'குக்குத் தமிழ் என்ன? – வெண்ணெய் பிஸ்கட் கையேடு

நன்னிலத்திலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களுக்காக, வீட்டிலேயே பிஸ்கட் செய்யும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். செய்முறை எளிதுதான்: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. சிக்கல் முதல் படியில். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து, நிறம் வெளுக்கிற வரை அடிக்கும் வேலையை 'கிரீமிங்' என்கிறார்கள். பழைய கையேட்டில் 'நன்றாகக் கலக்கவும்' என்று மட்டும் இருந்தது. அதைப் படித்தவர்கள் வெண்ணெயை உருக்கிக் கலந்துவிட்டார்கள். பிஸ்கட் எல்லாம் தட்டில் அடை மாதிரி பரந்து கிடந்தது. ஒரு சொல் வேண்டும். முடிந்தால் புதன் இரவுக்குள்.

கும்பகோணத்திலிருந்து:

'கடைதல்' இருக்கிறதே அம்மா. மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், இதையும் கடைந்துவிட்டுப் போகலாம். அது கிடக்கட்டும், பிஸ்கட் என்றா அச்சடிக்கப் போகிறீர்கள்? 'ஈரட்டி' என்று நல்ல சொல் இருக்கிறது. இலத்தீனிலும் இருமுறை வெந்தது என்பதுதான் பொருள்.

மன்னார்குடியிலிருந்து:

ஈரட்டி பொருந்தாது. இந்த அம்மையார் செய்வது ஒரே முறை வேகிறது. இரண்டு முறை வேகிற ரஸ்க்குக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் எனக்குத் தடையில்லை. தவிர, ஈரட்டியில் இருக்கும் அடுதலும் (காய்ச்சுதல், சமைத்தல்) சுடுதலும் ஒன்றல்ல. மூதுரையில் ஒரே வெண்பாவில் 'அட்டாலும் பால்' என்று தொடங்கி 'சங்கு சுட்டாலும்' என்று முடிக்கிறார் ஔவையார். பால் அடப்படுகிறது, சங்கு சுடப்படுகிறது. ஓவனில் வேகும் பண்டம் சங்கின் கட்சி.

கடைதலும் சரியில்லை. மோரைக் கடைந்தால் வெண்ணெய் பிரியும். இங்கே வெண்ணெய்க்குள் காற்று புக வேண்டும். சர்க்கரைப் பரல்களின் முனை கொழுப்பைக் கீறிக்கொண்டு போகும்போது காற்று சின்னச் சின்னக் குமிழாக உள்ளே அடைபடுகிறது. பேக்கிங் சோடா புதுக் குமிழை உண்டாக்குவதில்லை, இருப்பதைத்தான் பெரிதாக்குகிறது. சர்க்கரையை மாவாக அரைத்துவிட்டாலும் இந்த வேலை சரியாக நடக்காது. சன்ன ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். ஆகவே காற்றைச் சுட்டாத கலைச்சொல் பாதிச் சொல். நான் முன்வைப்பது: 'வளியேற்றம்'.

திருவையாற்றிலிருந்து:

வளியேற்றம் என்று போட்டால் எங்கள் தெருவில் சைக்கிள் பம்ப்பைத் தேடுவார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

அன்பர்களே, சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. கண்ணனை நீராட அழைக்கும்போது பெரியாழ்வார் 'வெண்ணெய் அளைந்த குணுங்கும்' என்கிறார் (குணுங்கு என்றால் மொச்சை வாடை). கை, வெண்ணெய், பிசையும் செயல் மூன்றும் முதல் இரண்டே சொல்லில். வள்ளுவரின் 'சிறுகை அளாவிய கூழ்' இதன் உறவு. அளை என்ற பெயர்ச்சொல்லுக்கே தயிர், மோர் என்ற பொருள் பழைய நூல்களில் உண்டு. அளாவு, அளவளாவு எல்லாம் ஒரே குடும்பம். கலந்து பேசுவதும் கலத்தல்தானே? சேற்றைக் குறிக்கும் அளறையும் இதனோடு சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். நடவுக்கு முன் வயலில் மண்ணும் நீரும் என்ன ஆகின்றன என்று யோசியுங்கள். 'வெண்ணெயளைவு' என்று வைத்துக்கொள்வோம்.

நன்னிலத்திலிருந்து:

ஐயா, பாசுரம் அருமை. ஆனால் எங்கள் ஊரில் 'அளையாதே' என்றால் குழந்தையின் முதுகில் ஒன்று வைக்கப் போகிறார்கள் என்று பொருள். சேற்றை பிஸ்கட் கையேட்டில் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று இங்கே ஒரு சரக்கு மாஸ்டரிடம் கேட்டேன். பாதுஷாவுக்கு டால்டாவை 'நுரைக்கத் தேய்ப்போம்' என்றார். தாம்பாளத்தில் போட்டு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் முன்னே தள்ளித் தள்ளித் தேய்த்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கட்டி உடைந்து, பிறகு வெளுத்து, கை வழுக்கிக்கொண்டு ஓடியது. நெய் பிஸ்கட்டுக்கும் இதேதானாம். இன்னொன்றும் சொன்னார். கையேட்டில் இருக்கிற 'அறை வெப்பநிலையில் வெண்ணெய்' சித்திரையில் உதவாது, அது பாதி எண்ணெயாகிவிடும். 20 டிகிரி அளவில் இருந்தால் போதும் என்கிறது ஆங்கில மூலம். வெப்பமானி யாரிடம் இருக்கிறது? 'விரலை வைத்தால் குழி விழ வேண்டும், எண்ணெய் மினுங்கக் கூடாது' என்று மாற்றிவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து:

மாஸ்டருக்கு வணக்கம். ஆனால் 'நுரைக்கத் தேய்த்தல்' தொடர், சொல் அன்று. நாளைக்கே 'கிரீமிங் முறை' என்று வந்தால் 'நுரைக்கத் தேய்க்கும் முறை' என்று நீட்டி முழக்குவீர்களா? சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 'நுரைத்தேய்ப்பு' எனலாம். வலி மிகும், அதாவது நடுவில் 'த்' வரும்.

கும்பகோணத்திலிருந்து:

மிகாது. நுரை இங்கே வினைப்பகுதி. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, 'நுரைதேய்ப்பு'தான். நீங்கள் வலி மிகுத்தால் நுரையைத் தேய்ப்பது என்றாகிவிடும். தேய்ப்பது வெண்ணெயை.

மன்னார்குடியிலிருந்து:

வினைத்தொகையாக விரித்தால் தேய்ப்பு நுரைக்கிறது என்றாகும். நுரைப்பது வெண்ணெய். நன்னூலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

திருவையாற்றிலிருந்து:

மணி பதினொன்று. அந்தம்மாவுக்கு நாளைக்கு அச்சகம். மாஸ்டர் சொன்னதையே போடட்டும் என்று நான் சொல்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

மயிலாடுதுறையிலிருந்து:

சரி, போடுங்கள். அளைவைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகவாவது குறித்துவையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

சரி. எனக்கும் தூக்கம் வருகிறது.

நன்னிலத்திலிருந்து:

நன்றி. 'நுரைக்கத் தேய்த்தல்' என்றே போட்டு அனுப்பிவிட்டேன். தலைப்பில் பிஸ்கட் பிஸ்கட்டாகவே இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

பெரும்பான்மை இலக்கண விதி ஆகாது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். உங்கள் வரைவின் இரண்டாம் பக்கத்தில் 'ஓவனை முன்சூடு செய்க' என்று இருக்கிறது. முற்பகல், முற்பிறவி என்கிறோம். இது மட்டும் ஏன் முற்சூடு ஆகவில்லை? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.