மதிய வெயிலில் உடையும் சோப்புக் குமிழி மாலையில் நீடிப்பது ஏன்?

முத்தியால்பேட்டை வாசகி:
வணக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் என் மகள் ஊதும் சோப்புக் குமிழிகள் நெடுந்தூரம் மிதந்து செல்கின்றன. அதே கரைசலை மதியம் மொட்டைமாடியில் ஊதினால், குழலை விட்டுக் கிளம்பியதுமே உடைந்துவிடுகின்றன. உடைவதற்குச் சற்று முன்பு உச்சியில் நிறங்கள் மறைந்து கருந்திட்டு ஒன்று தோன்றுவதையும் அவள் கவனித்திருக்கிறாள். எதுவும் படாமலேயே குமிழி உடைவது ஏன்? அந்தக் கருமைக்கு என்ன காரணம்?

இயற்பியல் ஆசிரியர், கடலூர்:
அம்மா, உங்கள் மகள் கண்ட கருந்திட்டிலேயே பாதி விடை இருக்கிறது; அதைக் கவனித்ததற்காக அவளை மனமாரப் பாராட்டுகிறேன். குமிழியின் சுவர் என்பது, இரு புறமும் சோப்பு மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்க, அவற்றுக்கு நடுவே அடைபட்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலமாகும். அந்த நீர் புவியீர்ப்பால் கீழே வடிந்துகொண்டும் காற்றில் ஆவியாகிக்கொண்டும் இருப்பதால், உச்சிப் பகுதிதான் முதலில் மெலிகிறது. படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் நிறங்கள் உண்டாகின்றன. தடிமன் சுமார் 30 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் அவ்வலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அவ்விடம் கருமையாகத் தெரிகிறது.

அந்த நிலையில் ஒரு தூசியோ சிறு அதிர்வோ படலத்தில் துளையிடப் போதுமானது. துளை படலத்தின் தடிமனைவிட மிகச் சிறியதாக இருந்தால் தானே மூடிக்கொள்ளும். பெரியதாக இருந்தால், பரப்பு இழுவிசை, அதாவது நீர்மத்தின் மேற்பரப்பைச் சுருங்கச் செய்யும் விசை, அதன் விளிம்பை வெளிநோக்கி இழுத்து விரித்துக்கொண்டே போகும். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சோப்புப் படலத்தில் துளையின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படலம் மெலிய மெலிய அந்த வேகம் கூடுகிறது. உடைதலை நம் கண்ணால் பின்தொடர முடியாததற்கு இதுவே காரணம்.

திருப்பாதிரிப்புலியூர் வேதியியல் மாணவர்:
ஐயாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் கூட்டுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அவ்விசையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. குமிழி நிலைப்பதற்குக் காரணம் வேறு: படலம் ஓரிடத்தில் நீண்டு மெலிந்தால் அங்கே சோப்பின் செறிவு குறைந்து, இழுவிசை உயர்ந்து, அருகிலுள்ள நீரை அவ்விடத்திற்கு இழுத்துக்கொள்கிறது. தூய நீரில் இந்தச் சீரமைப்பு நிகழாது.

மாலைக் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் குறைகிறது; மொட்டைமாடியிலோ சூடும் வறட்சியும் சேர்ந்து படலத்தை விரைவில் உலர்த்திவிடுகின்றன. கரைசலில் சிறிது கிளிசரின் சேர்த்துப் பாருங்கள்; அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீரும் கிளிசரினும் கலந்த படலத்தின் மீது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைப் போர்த்தி உருவாக்கிய குமிழி ஒன்று 465 நாட்கள் நிலைத்திருந்ததாகப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டனர். வடிதலையும் ஆவியாதலையும் ஒருசேரத் தடுத்ததே அதற்குக் காரணம்.

முத்தியால்பேட்டை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. உலர்ந்த விரல் பட்டால் குமிழி உடைகிறது. ஈர விரல் உள்ளே நுழைந்தாலும் உடைவதில்லை. இதற்கும் அதே காரணம்தானா?

இயற்பியல் ஆசிரியர், கடலூர்:
ஓரளவுக்கு அதே காரணம்தான். உலர்ந்த தோல் தொட்ட இடத்தில் படலத்தின் நீரை உறிஞ்சி அதைக் கிழித்துவிடுகிறது. சோப்பு நீரில் நனைத்த விரலைச் சுற்றியோ படலம் அறுபடாமல் ஒட்டிக்கொள்கிறது. விரலை மணிக்கட்டு வரை நன்றாக நனைத்துவிட்டுச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஓரிடம் உலர்ந்திருந்தாலும் குமிழி உடைந்துவிடும்.