சோழனும் சோழனும் மோதிய போருக்குப் பாட்டு உண்டா?

வெண்ணாற்றங்கரை:
எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். தஞ்சாவூர் போகிற பஸ் கோயில்வெண்ணியைத் தாண்டும்போதெல்லாம், இங்கேதான் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் ஜெயித்தான் என்று அப்பா சொல்வார். அதெல்லாம் சரி, அடுத்த நாட்டு ராஜாவோடு போட்ட சண்டை. எங்கள் தெருவில் ஒரே தாத்தாவின் பேரன்கள் இரண்டு பேர் வரப்புத் தகராறில் நாலு வருஷமாக முகம் பார்ப்பதில்லை, அவர்களால் ஊரே இரண்டாகி மாரியம்மன் திருவிழாவும் நின்றுபோச்சு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தச் சந்தேகம் வந்தது. சோழனும் சோழனும் அடித்துக்கொண்டபோது யாராவது பாடினார்களா? பாடியிருந்தால் எந்தப் பக்கம் நின்று பாடினார்கள்?

உறையூர்வாசி:
உண்டு தம்பி. புறநானூற்றில் 44, 45, 47 மூன்றையும் எடுத்துப் படியுங்கள். மூன்றையும் பாடியவர் கோவூர் கிழார். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இரண்டு பேருமே சோழர்கள். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகை போட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். 44ஆம் பாட்டில் புலவர் அவனுக்குக் காட்டுவது வாளையோ வேலையோ இல்லை. குளத்துக்குப் போகாத, நெய் பிசைந்த சோற்றுக் கவளம் கிடைக்காத யானைகள் துதிக்கை தரையில் புரள இடி மாதிரி முழங்குகின்றன, பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள், வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் இல்லை என்று கூவுகிற சத்தம் கேட்கிறது. காவிரி பாய்கிற சோழ நாட்டில் தண்ணீருக்குக் கூவுகிறார்கள்! அந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்து போக முடிந்ததே இல்லை. கடைசியில் நேராகக் கேட்டுவிடுகிறார்: அறம் உள்ளவன் என்றால் 'இது உன்னுடையது' என்று சொல்லிக் கதவைத் திற, வீரம் உள்ளவன் என்றால் சண்டைக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒளிந்து கிடப்பது வெட்கம்.

தமிழ்வாத்தியார்:
யார் பக்கம் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் 45இல் இருக்கிறது. இந்தத் தடவை முற்றுகை உறையூரில். வெளியே நலங்கிள்ளி, உள்ளே நெடுங்கிள்ளி, புலவர் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்திப் பேசுகிறார். உன்னோடு மோதுகிறவன் பனம்பூச் சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையிலும் சோழர் பூவான ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். 'இருவீர் வேறல் இயற்கையும் அன்றே', இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காத காரியம். அதற்கு மேலும் ஒன்று சொல்கிறார்: இந்தச் சண்டையைப் பார்த்து உடம்பு பூரிக்கப்போவது மற்ற அரசர்கள்தான். இந்த மாதிரிச் சமாதானம் பேசும் பாட்டுக்கு 'துணைவஞ்சி' என்று தனித் துறையே, அதாவது தனிப் பாட்டு வகையே, வகுத்திருக்கிறார்கள். போர்ப்பாட்டு என்றாலே உசுப்பேற்றுவது என்று நினைப்பவர்களிடம் நான் இந்தத் துறைப் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

கும்பகோணம் வாசகி:
ஆனால் நெடுங்கிள்ளிக்கு 'காரியாற்றுத் துஞ்சிய' என்று ஒரு அடைமொழி இருக்கிறதே. காரியாற்றில் இறந்தான் என்றுதானே அர்த்தம்? பாட்டால் என்ன பயன் என்று என் தம்பி கேட்டான், எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தமிழ்வாத்தியார்:
அம்மா, 47ஐப் பாருங்கள். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் போனான், கோவூர் கிழார் பாடித்தான் அவனை மீட்டார். 46இல் வேறொரு சோழன், கிள்ளிவளவன், மலையமான் என்ற குறுநில மன்னனின் பிள்ளைகளை யானைக் காலில் போட நிறுத்தியிருந்தான். யானையைப் பார்த்த வேடிக்கையில் அழுகையையே மறந்த பிள்ளைகள் அவர்கள், அவர்களையும் ஒரு பாட்டுத்தான் காப்பாற்றியது. கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகள் மேலேயே படை எடுத்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் 213இல் ஒரு கேள்வி கேட்டார்: அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுப் போவாய்? அவன் போரை விட்டான், பிறகு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர் விட்டான். ஒரு போர் நிற்காமல் போனதற்காக மற்றதையெல்லாம் எப்படிக் கழித்துவிட முடியும்?

உறையூர்வாசி:
வெண்ணாற்றங்கரை, உங்கள் பஸ் தாண்டுகிற அதே வெண்ணிக்கும் ஒரு பாட்டு உண்டு, 66. பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண். ஜெயித்த கரிகாலனிடமே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த அந்தச் சேரன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்டவர். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு 45ஐ அர்த்தத்தோடு படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் ஆத்திப் பூ எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்தப் பங்காளிகளில் மூத்தவர் எனக்குப் பெரியப்பா முறை, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். 45ஐ ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.