மெம்மேக்கர் ஓட்டிய பிறகு நெட்வொர்க் போன கதை

கட்டளை தட்டி ஓட்டும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் காலத்துச் சிக்கல்களில் எனக்கு இன்னும் மறக்காதது ஒரு ஆபீஸின் கணக்குப் பிரிவில் பார்த்தது. நாவல் கம்பெனியின் நெட்வேர் என்ற நெட்வொர்க் சாஃப்ட்வேர் ஓடும் சர்வர், அதோடு இணைத்த 386 பிராசஸர் மெஷின்கள், எல்லாவற்றிலும் டாஸ் 6. டேட்டாபேஸ் புரோகிராமான ஃபாக்ஸ்புரோ மெமரி போதவில்லை என்று அடம்பிடிக்க, யாரோ ஒரு மெஷினில் டாஸோடு வரும், மெமரியை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் மெம்மேக்கரை ஓட்டி, அப்பர் மெமரியை (640 கேபிக்கு மேலே 1 எம்பி வரை உள்ள பகுதி) தீவிரமாக ஸ்கேன் செய்யலாமா என்ற கேள்வி உட்பட எல்லாவற்றுக்கும் 'யெஸ்' கொடுத்துவிட்டார். புரோகிராம்கள் ஓடும் 640 கேபியில் பெரும்பகுதி காலியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் நெட்வொர்க் டிரைவர் ஏறியதும் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

கேபிளில்தான் கோளாறு என்றார்கள். சந்தேகம் நியாயமானதுதான்; அந்தக் கோஆக்சியல் கேபிளில் முனையில் மாட்டும் டெர்மினேட்டர் ஒன்று கழன்றால் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். ஆனால் பக்கத்து மெஷின்கள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தி, ஒவ்வொரு வரியாகக் கேட்கவைத்து, அப்பர் மெமரியின் காலி இடங்களைப் பயன்படுத்தக் கொடுக்கும் டிரைவரான இஎம்எம்386-இன் வரிக்கு மட்டும் 'நோ' சொன்னேன். லாகின் உடனே கிடைத்தது.

அந்த நெட்வொர்க் கார்டு அப்பர் மெமரியில் டி000 முகவரியில் 16 கேபி ஷேர்டு மெமரி (கார்டும் மெஷினும் பொதுவாகப் பயன்படுத்தும் இடம்) வைத்துக்கொள்ளும் வகை. டிரைவர் வந்து எழுப்பும்வரை அந்த மெமரி வெளியே தெரியாது. இஎம்எம்386 அதற்கு முன்பே ஏறிவிடுவதால், துண்டு போடாத பஸ் சீட் என்று நினைத்து அங்கே உட்கார்ந்துவிடுகிறது. பிறகு கார்டு விழித்தால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர். ஆக, ஸ்கேன் முடிவை நம்பாமல் கார்டில் முகவரியை அமைக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பையோ செட்டப் டிஸ்க்கையோ பார்த்துவிடுவது உத்தமம்.

இஎம்எம்386 வரியின் கடைசியில் எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப் (இந்த எல்லையைத் தொடாதே என்று பொருள்) என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது. விண்டோஸ் 3.1 என்ஹான்ஸ்டு மோடில் தானே இடம் தேடும் என்பதால், விண்டோஸின் அமைப்புக் கோப்பான சிஸ்டம்.ஐஎன்ஐ-யில் 386என்ஹெச் பகுதியிலும் இஎம்எம்எக்ஸ்க்ளூட் வரியில் அதே எல்லையைக் கொடுத்தேன். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். டாஸில் நன்றாக ஓடுவது விண்டோஸுக்குள் போனதும் தொங்கும்.

எக்ஸ் போட்டதால் போன 16 கேபியை நினைத்து வருந்த வேண்டாம். எக்ஸ்பாண்டட் மெமரி (கூடுதல் மெமரியைத் துண்டு துண்டாக எட்டும் பழைய முறை) கேட்கும் புரோகிராம் எதுவும் இல்லையென்றால் இஎம்எம்386 வரியில் நோஇஎம்எஸ் போடுங்கள், அந்தத் துண்டுகள் தெரிய ஒதுக்கும் ஜன்னலான பேஜ் ஃப்ரேமின் 64 கேபி திரும்பக் கிடைக்கும். டிரைவர்களை ஏற்றும் வரிசையையும் பாருங்கள். சில டிரைவர்கள் ஏறும்போது நிறைய இடம் கேட்டு, ஏறியபின் சுருங்கிவிடும். அவற்றை முதலில் விட வேண்டும். கடைசியில் விட்டால் அப்பர் மெமரியில் இடம் போதாமல் கீழே வந்து விழும். மெம் /சி கொடுத்தால் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

என்ஈ2000 வகைக் கார்டில் இந்தத் தொல்லை கிடையாது. அது டேட்டாவை ஐ/ஓ போர்ட் வழியாகவே கொடுக்கும், ஷேர்டு மெமரி கேட்காது. ஆனால் ஐஆர்க்யூ 3-ல் (பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல் வழி) வைத்தால், அதே வழியைப் பயன்படுத்தும் சீரியல் போர்ட்டான காம்2-வோடு சண்டைக்கு நிற்கும். அது வேறு கதை.