மறு: பள்ளி மாடிக்கான கலைச்சொற்கள் – பசுங்கூரை, நனைசுமை, மாடித்திடல்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாடியில் செடி வளர்க்கவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் அமைப்பது தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'மாடித்தோட்டம்' என்ற நல்ல சொல் இருக்கும்போது 'கிரீன் ரூஃப்' என்பதற்குப் புதுச்சொல் எதற்கு?

மாடித்தோட்டம் என்றதும் தொட்டியும் பையும்தான் நினைவுக்கு வரும். அவற்றை இடம் மாற்றலாம், வேண்டாமென்றால் கீழே இறக்கிவிடலாம். கிரீன் ரூஃப் அப்படியன்று. நீர்புகாப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, மண்கலவை, செடி என்று தளத்தின் மேலேயே எழுப்பப்படும் கட்டுமானம் அது. பிறகு ஒழுகினால் அத்தனையையும் பெயர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நாலு தொட்டி வைக்கப்போகிறார்கள் என்று எண்ணிப் பள்ளி நிர்வாகம் தலையாட்டிவிடும். ஆகவே என் வாக்கு 'பசுங்கூரை'க்கு.

> 'எக்ஸ்டென்சிவ்', 'இன்டென்சிவ்' இரண்டையும் 'விரிந்த', 'செறிந்த' எனலாமா?

வேண்டாம். எது எதுவென்று படிப்பவருக்குப் பிடிபடாது. பசுங்கூரையின் இந்த இரு வகைகளைப் பிரிப்பதில் முதன்மையானது மண்ணின் ஆழம். ஏறத்தாழ 15 செ.மீ. வரை எக்ஸ்டென்சிவ், அதற்கு மேல் இன்டென்சிவ். முறையே மென்படுகை, ஆழ்படுகை என்றால் சொல்லிலேயே விடை இருக்கிறது.

இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'சாச்சுரேட்டட் லோடு'. நண்பர் ஒருவர் 'தெவிட்டிய சுமை' என்கிறார். தெவிட்டிய கரைசல் வேதியியலில் பொருந்தும். மாடியில் நிற்கும் கொத்தனாருக்கு அது எதையும் உணர்த்தாது. நான் முன்மொழிவது 'நனைசுமை'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் 'ச்' வராது. மழையில் முழுக்க ஊறிய மண்ணின் எடை என்று உடனே புரியும். கணக்கைப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றாலே 10 கிலோ. சாதாரணத் தோட்டமண்ணை 15 செ.மீ. பரப்பினால், நனைந்தபின் சதுர மீட்டருக்கு 300 கிலோவை நெருங்கும். பத்துச் சதுர மீட்டர் பாத்தி என்றால் 3 டன். காய்ந்த மண்ணை எடைபோட்டுத் தளம் தாங்கும் என்று முடிவுகட்டுவது குழந்தைகள் நடமாடும் கட்டடத்தில் பெரும் ஆபத்து. தென்னைநார்க்கழிவோ நுரைக்கல்லோ கலந்து எடையைக் குறைக்கலாம். அப்போதும் கணக்குக்கு எடுக்க வேண்டியது நனைசுமையைத்தான். பழைய பள்ளிக் கட்டடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட ஏறக்கூடாது.

விளையாடும் பகுதிக்கு 'மாடித்திடல்' போதும். மென்படுகையை அதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தினமும் இடைவேளையில் மிதிபட்டால் அந்தச் செடிகள் பிழைக்காது. வரைபடத்தில் திடல் தனி, படுகை தனி.

கடைசியாக ஒரு சொல் தேவைப்படுகிறது. கைப்பிடிச்சுவரின் உயரத்தைக் கான்கிரீட் தளத்திலிருந்து அளந்து எழுதிவிடுகிறார்கள். சுவர் 120 செ.மீ. என்று வையுங்கள். அடுக்குகளும் மண்ணுமாக 25 செ.மீ. ஏறினால் மிச்சம் 95. அதையொட்டி 40 செ.மீ. திண்ணை ஒன்று கட்டிவிட்டால், அதில் ஏறி நிற்கும் பிள்ளைக்குத் தடுப்பு வெறும் 55 செ.மீ. ஆகவே பிள்ளையின் கால் எங்கே பதிகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். அந்த மட்டத்துக்கு 'மிதிமட்டம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'நடைமட்டம்' என்றால் திண்ணை விடுபட்டுவிடும். கட்டட வேலை செய்பவர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால் தெரிவியுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்